பெயரே மந்திரம்: மிராக்கிள்மேன் சித்திரக்கதையில் உரிமை வழக்குகளும் பனுவலாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆலன் மூர், நீல் கெய்மன் ஆகியோர் எழுதிய மிராக்கிள்மேன் சித்திரக்கதை 1982இல் தொடங்கி 2020களில்தான் அதன் இரண்டாம் கட்டம் வரையேனும் அச்சேறியது. இடையில் நேர்ந்த தடைகளைப் பதிப்பக வரலாற்றுச் செய்திகளாக மட்டும் கருதிப் பனுவலைத் தனியே பிரித்து வாசிப்பதே பெருவழக்காக உள்ளது. அவ்வாசிப்பு போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். உரிமைச் சிக்கல் இக்கதையின் கருவிலும், பெயரிலும், கதைத்திருப்பங்களிலும் புகுந்துள்ளது. அதனை நீக்கிவிட்டுக் கதையை மட்டும் திறனாய்தல் இயலாது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, பதிப்புரிமை, வணிகக்குறி, கூட்டாசிரியம், பாடவேறுபாடு, மிராக்கிள்மேன், ஆலன் மூர், நீல் கெய்மன்

முன்னுரை

மீநாயகச் சித்திரக்கதைகளை இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பனுவல்களாக ஏற்கும் போக்கு ஆங்கில உலகில் 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னர் வலுப்பெற்றது. அப்போக்குக்கு முதன்மைச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த வாட்ச்மென். ஆனால் மீநாயகன் என்னும் கருத்தை உள்ளிருந்தே சிதைத்துப் பார்க்கும் முயற்சியை மூர் அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1982 மார்ச்சில், வாரியர் என்னும் பிரித்தானியத் திங்களிதழில் தொடங்கிவிட்டார். அக்கதை அன்று மார்வெல்மேன் என்னும் பெயரிலும் பின்னர் மிராக்கிள்மேன் என்னும் பெயரிலும் வெளிவந்தது. இரண்டினுள் ஒன்று எங்கும் பேசப்படுகிறது. மற்றொன்றைப் பலர் பெயரளவில் மட்டுமே அறிவர்.

இவ்வேறுபாட்டிற்குக் கலைத்தரம் காரணமன்று. வாட்ச்மென் நூலின் உரிமை, அது குறிப்பிட்ட காலம் அச்சில் இல்லாதுபோனால் படைப்பாளர்களிடம் திரும்பும் என ஒப்பந்தம் கூறிற்று. பதிப்பகம் அதனை அச்சிலிருந்து நீங்கவே விடவில்லை. எனவே உரிமையும் திரும்பவில்லை. மிராக்கிள்மேன் நூலோ உரிமை எவருடையது என்பதே தெளியாமையால் இருபதாண்டுகள் அச்சுக்கு வரவில்லை. ஒன்று இடையறாது அச்சிடப்பட்டே அதன் ஆசிரியர்களை இழந்தது; மற்றொன்று அச்சிடப்படாமலே வாசகர்களை இழந்தது. எந்நூல் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதை இங்குத் திறனாய்வாளர் தீர்மானிக்கவில்லை. ஒப்பந்த வாசகங்களே தீர்மானித்தன. சித்திரக்கதை ஆய்வாளர்கள் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன் என்பது இக்கட்டுரையாளருக்கு விளங்காத ஒன்று.

மிராக்கிள்மேன் உரிமை வரலாற்றை விரிவாகத் தொகுத்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் ஓ மேலோய்ட். 2018இல் நூலாக வெளிவந்த அவருடைய ஆய்வு, யார் எவருக்கு எதனை விற்றார் என்னும் வினாவையே மையமாகக் கொண்டது. அவ்வரலாறு பனுவலின் உள்ளே எவ்வாறு செயல்படுகிறது என்னும் அடுத்த வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வழக்கில் பிறந்த நாயகன்

மார்வெல்மேன் தோன்றியதே ஒரு வழக்கின் விளைவு. 1940இல் அமெரிக்காவின் ஃபாசெட் நிறுவனம் கேப்டன் மார்வெல் என்னும் நாயகனை அறிமுகப்படுத்தியது. பில்லி பேட்சன் என்னும் சிறுவன் 'ஷஸாம்' என்று உச்சரித்தவுடன் பேராற்றல் கொண்ட மனிதனாக மாறுவான். இந்நாயகனின் இதழ்கள் சூப்பர்மேன் இதழ்களுக்கே போட்டியாக விற்றன. சூப்பர்மேனின் உரிமையாளர் 1941இல் வழக்குத் தொடுத்தனர். விசாரணை 1948இல்தான் நடந்தது. 1950இல் கீழமை நீதிமன்றம் வியப்பூட்டும் தீர்ப்பொன்றை அளித்தது. ஃபாசெட் நகலெடுத்தது உண்மை. ஆனால் நாளிதழ்களில் வந்த சூப்பர்மேன் பட்டைக்கதைகளில் பதிப்புரிமைக் குறிப்பு முறையாக இடப்படாமையால் உரிமை கைவிடப்பட்டதாகும் என்றது அத்தீர்ப்பு. 1951இல் மேல்முறையீட்டு நீதிபதி லேர்னெட் ஹாண்ட் அதனை மாற்றினார். உரிமை கைவிடப்படவில்லை என்றும், எந்தப் பட்டைக்கதை எதிலிருந்து எடுக்கப்பட்டது என ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் கூறி வழக்கைத் திருப்பியனுப்பினார். மீநாயக இதழ்களின் விற்பனை சரிந்திருந்த நிலையில் ஃபாசெட் 1953இல் 4,00,000 டாலர் தந்து உடன்பாடு செய்துகொண்டு கேப்டன் மார்வெலை நிறுத்திவிட்டது.

இலண்டனில் அதே கதைகளை மறுபதிப்பிட்டுவந்த எல். மில்லர் அண்ட் சன் நிறுவனத்துக்கு இதனால் சரக்கு வரத்து நின்றது. லென் மில்லர், மிக் ஆங்லோவை அணுகினார். ஆங்லோ தந்த மாற்றே மார்வெல்மேன். பில்லி பேட்சன் மிக்கி மோரன் ஆனான். மந்திரவாதி வானியல் அறிஞர் ஆனார். வில்லன் சிவானா கார்குன்சா ஆனான். 'ஷஸாம்' நீங்கி, 'அடாமிக்' என்னும் சொல்லைத் தலைகீழாக்கிய 'கிமோட்டா' வந்தது. 1954 பிப்ரவரி 3ஆம் நாளிட்ட முதல் மார்வெல்மேன் இதழின் எண் 25. நிறுத்தப்பட்ட கேப்டன் மார்வெல் இதழின் எண் வரிசையையே புதிய நாயகன் தொடர்ந்தான். தலைப்பு மாறியதேயன்றி வரிசை அறுபடவில்லை.

ஆங்லோ 1960இல் மில்லரைவிட்டு விலகித் தாமே பதிப்பாளராகியபோது பழைய மார்வெல்மேன் கதைகளைச் சற்றே திருத்திக் கேப்டன் மிராக்கிள் என்னும் பெயரில் வெளியிட்டார் என்பதும் இங்குக் கருதத்தக்கது. அந்நாயகனின் மந்திரச்சொல் 'எல் கரீம்'. 'மிராக்கிள்' என்பதன் ஒலியை இவ்வாறு தலைகீழாக்கினார். மார்வெல்மேன் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் மிராக்கிள்மேன் ஆனதற்கு முன்பே, அவனைப் படைத்தவர் கையால் ஒருமுறை 'மிராக்கிள்' ஆகிவிட்டிருந்தான். மூல ஆசிரியர், தழுவல் ஆசிரியர் எனக் கோடு கிழித்துப் பேசும் திறனாய்வு இந்த இடத்தில் தடுமாறுகிறது. ஆங்லோ நகலெடுத்தார், தம் நகலையும் நகலெடுத்தார்.

தமிழ் வாசகர்க்கு இச்சூழல் முற்றிலும் அயலானதன்று. 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவியும் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்களின் படைப்பே. அவ்விதழ்கள் எழுத்தாளர், ஓவியர் பெயர்களைப் பொதுவாக அச்சிடுவதில்லை. மாயாவியை அறிந்த பல தலைமுறையினர்க்கு அதனை வரைந்த ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவைத் தெரியாது. பெயர் அச்சிடாத வழக்கம் பிற்காலத்தில் உரிமை எவருடையது எனக் கேட்கும்போது எத்தகைய இருளை உண்டாக்கும் என்பதற்கு மார்வெல்மேன் சான்றாகும்.

மறதியின் கால அளவு

மார்வெல்மேன் இதழ்கள் 1963இல் நின்றன. 1982இல் பதிப்பாசிரியர் டெஸ் ஸ்கின், அந்நாயகனை வாரியர் இதழில் மீட்க முனைந்தபோது எழுதும் பொறுப்பு மூருக்கு வந்தது. காரி லீச் வரைந்தார். பின்னர் ஆலன் டேவிஸ் வரைந்தார். மூர் செய்த முதற்செயல், அச்சு நின்ற காலத்தைக் கதையின் காலமாக்கியது. மைக் மோரன் நடுவயதை எட்டிய ஓர் இதழாளன். பறப்பதாகக் கனவு காண்கிறான், தலைவலியால் துன்புறுகிறான், தான் யாரென்பதை மறந்துவிட்டான். அணுமின் நிலையம் ஒன்றில் கண்ணாடிக் கதவின் மறுபுறமிருந்து 'அடாமிக்' என்னும் சொல் தலைகீழாகத் தெரிய, அதனை முணுமுணுத்தவுடன் மீண்டும் மார்வெல்மேன் ஆகிறான். அவன் மறந்திருந்தது பதினெட்டு ஆண்டுகள் என்கிறது கதை. அச்சு நின்றதற்கும் மீண்டதற்கும் இடைப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே.

இதனைச் சிறு விளையாட்டாகக் கடந்துவிடலாகாது. பொதுவாகத் தொடர்கதை மீநாயகர்களுக்கு அச்சு நின்றால் காலமும் நின்றுவிடும். மீண்டும் அச்சேறும்போது அதே வயதில், அதே உடையில் வந்து நிற்பர். மூர் அவ்வழக்கத்தை மறுக்கிறார். அச்சில் இல்லாதபோதும் நாயகன் வாழ்ந்திருக்கிறான், மணந்திருக்கிறான், உடல் தளர்ந்திருக்கிறான். சந்தை கைவிட்ட ஆண்டுகளை இக்கதை வெற்றிடமாகக் கொள்ளாமல் வாழ்க்கையாகக் கொள்கிறது. அவன் மனைவி லிஸ், 1950களின் வீரச்செயல்களை அவன் வாயால் கேட்டுச் சிரித்துவிடுகிறாள். அச்சிரிப்பு வாசகனின் சிரிப்பே. ஆனால் அவனுக்கு அவை நினைவுகள், அவன் சினங்கொள்கிறான். இக்காட்சியின் வலிமை, பழைய இதழ்கள் எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானவை என்பதைக் காட்டுவதில் இல்லை. ஒருவனின் கடந்தகாலம் முழுவதும் பிறர் எழுதியது என்பது வெளிப்படும் கணத்தில் உள்ளது.

அவ்வெளிப்பாடு பின்னர் நேரடியாகவே வருகிறது. நாயகனும் அவன் தோழர்களும் அரசின் மறைமுகத் திட்டமொன்றில் உருவாக்கப்பட்டவர்கள். அவர்களை உறக்கத்திலேயே வைத்திருந்த அறிவியலார் கார்குன்சா, மூளையில் ஊட்டுவதற்குரிய கனவுக்கதையை எங்கிருந்து எடுப்பது எனத் தேடுகையில், கீழே கிடந்த கேப்டன் மார்வெல் இதழொன்று அவர் கண்ணில் படுகிறது. மந்திரச்சொல், உருமாற்றம், குடும்பம் அனைத்தும் அதிலிருந்தே எடுக்கப்பட்டன. 1954இல் ஆங்லோவின் பணியிடத்தில் நிகழ்ந்ததை மூர் கார்குன்சாவின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்துகிறார். நகலெடுத்தல் என்பது இங்குக் கதைக்கு வெளியே உள்ள குற்றச்சாட்டாக இல்லை. நாயகனின் தோற்றக்கதையே அதுதான். தான் நகல் என்பதை இத்துணை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் மீநாயகக் கதை வேறொன்றை இக்கட்டுரையாளர் கண்டதில்லை. படைப்பாளியாகிய ஆங்லோவின் இடத்தில் கதையின் வில்லன் அமர்த்தப்பட்டிருப்பது மூத்த கலைஞருக்கு இழைத்த சிறுமை என வாதிடவும் இடமுண்டு. அவ்வாதம் முற்றிலும் தவறானதன்று.

பெயர் மாற்றமும் கதைத்திருப்பமும்

கேப்டன் மார்வெல் அச்சிலிருந்து மறைந்தபின், மார்வெல் நிறுவனம் 1967இல் அதே பெயரில் வேறொரு நாயகனை வெளியிட்டு அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அதனால் டிசி நிறுவனம் ஃபாசெட்டின் பழைய நாயகனை 1973இல் மீட்டபோது இதழுக்கு 'ஷஸாம்' என்றே பெயரிட நேர்ந்தது. 1984இல் வாரியர் குழுவினர் மார்வெல்மேன் சிறப்பிதழ் ஒன்றை வெளியிட, மார்வெல் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பெயருக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். எழுத்தாளர், ஓவியர், பதிப்பாசிரியர் ஆகியோரிடையேயும் பிணக்குகள் முற்றியிருந்தன. வாரியர் 21ஆம் இதழுடன் கதை நின்றது. 26ஆம் இதழுடன் வாரியரும் நின்றது. அமெரிக்கப் பதிப்புரிமையைப் பெற்ற பசிபிக் காமிக்ஸ் அச்சிடுவதற்கு முன்னரே திவாலாக, எக்லிப்ஸ் நிறுவனம் அதனை எடுத்துக்கொண்டு 1985 ஆகஸ்டில் மிராக்கிள்மேன் என்னும் பெயரில் வெளியிட்டது.

பெயர் மாற்றம் ஒரு மேலட்டை நிகழ்வாகவே வழக்கமாகக் குறிக்கப்படும். பேச்சுக்குமிழிகளைப் பார்த்தால் நிலைமை வேறு. வாரியர் பக்கங்களில் இருந்த ஒவ்வொரு 'மார்வெல்மேன்' என்னும் சொல்லும் மாற்றியெழுதப்பட்டது. எக்லிப்ஸ் முதல் இதழின் தொடக்கமாக 1956ஆம் ஆண்டின் பழைய கதையொன்று இடம்பெற்றது. அதிலும் நாயகன் மிராக்கிள்மேன் ஆனான். 1956இல் எவரும் அறிந்திராத ஒரு பெயர் 1956இன் சான்றாக நிற்கிறது. மார்பிலுள்ள இரட்டை எம் எழுத்துக் குறி மட்டும் இரு பெயர்களுக்கும் பொருந்தியமையால் தப்பியது. ஓலைச்சுவடிகளில் பாடவேறுபாடு ஏடெழுதுவோரால் நேரும் எனப் பதிப்பியலில் கற்கிறோம். இங்கு அதனை உண்டாக்கியது வழக்கறிஞரின் கடிதம்.

இவ்வேறுபாடு கதையின் நடுநரம்பைத் தொடும் இடம் ஜானி பேட்ஸ். நாயகனின் இளைய தோழர்களுக்கு உருமாற்றச்சொல் 'கிமோட்டா' அன்று, நாயகனின் பெயரே. ஃபாசெட்டின் கேப்டன் மார்வெல் ஜூனியர், கேப்டன் மார்வெலின் பெயரைச் சொல்லி உருமாறியதன் எச்சம் இது. பதினெட்டு ஆண்டுகளாகச் சிறுவன் உருவுக்குத் திரும்பாமலே வளர்ந்து கொடியவனாகிய பேட்ஸ், நாயகனைச் சிதைத்துவிட்ட வெற்றிக்களிப்பில் அவன் பெயரை உச்சரித்துவிடுகிறான். அடுத்த கணம் அழும் சிறுவனாகிறான். பிற்பாடு காப்பகத்தில் பிற சிறுவர்களால் வன்கொடுமைக்கு ஆளாகும்போது, வேறு வழியின்றி அதே பெயரைச் சொல்கிறான். கொடியவன் திரும்புகிறான், இலண்டன் அழிகிறது. 15ஆம் இதழில் ஜான் டோட்டில்பென் வரைந்த அவ்வழிவின் பக்கங்கள் மீநாயகச் சித்திரக்கதை எதிலும் அதற்குமுன் காணப்படாத கொடூரத்தைக் காட்டுவன. அதனை நிறுத்த நாயகன் அச்சிறுவனையே கொல்கிறான்.

ஆக, இக்கதையில் ஒரு பெயரை உச்சரித்தல் ஒருவனை மீட்கிறது. மற்றொரு முறை உச்சரிக்க ஒரு நகரம் அழிகிறது. அதே பெயரைத்தான் நடைமுறை உலகில் அச்சிடலாமா கூடாதா என நிறுவனங்கள் மோதிக்கொண்டிருந்தன. வாரியர் பதிப்பில் சிறுவன் உச்சரிக்கும் மந்திரம் ஒன்று. எக்லிப்ஸ் பதிப்பில் மற்றொன்று. மூர் இதனைத் திட்டமிட்டார் எனக் கொள்ள வேண்டியதில்லை. உருமாற்றச்சொல்லாகப் பெயரை வைத்தது ஃபாசெட்டிடமிருந்து வந்த மரபு. பெயரை மாற்றியது வணிகக்குறிச் சட்டம். இரண்டும் சந்தித்த இடத்தில் கதை நின்றுகொண்டிருந்தது. உரிமை கோரப்படும் பெயர் ஒரு சரக்கின் முத்திரையாக மட்டும் இல்லை, அதனைச் சொல்பவன் உடலையே மாற்றுகிறது என்னும் பொருள், ஆசிரியர் நோக்கத்தைச் சாராமலே இப்பனுவலில் விளைந்துள்ளது.

வெள்ளம் முதலிய பிற தடைகள்

எல்லாத் தாமதத்தையும் நீதிமன்றத்தின்மேல் ஏற்றுவதும் பிழையாகும். 1986 பிப்ரவரியில் வட கலிபோர்னியாவில் ரஷ்யன் ஆறு பெருக்கெடுத்து எக்லிப்ஸ் அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தமையால், 8ஆம் இதழ் ஆங்லோ காலத்துப் பழைய கதைகளால் நிரப்பப்பட்டது. முந்தைய இதழில் கார்குன்சா மடிகிறார். அடுத்த இதழில் நாயகனின் குழந்தை பிறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, பொய்க்கனவு என ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்ட பழைய கதைகள் அப்படியே வந்து அமர்ந்தன. அன்று மாதந்தோறும் வாங்கி வாசித்தவர் பெற்ற அனுபவம் இதுவே. பின்னர் வந்த தொகுப்புகளை வாசிப்போர்க்கு அது கிட்டாது. 11ஆம் இதழ் 1987 மே மாதத்தது; 16ஆம் இதழ் 1989 டிசம்பரைச் சேர்ந்தது. இக்காலத்தில் வழக்கு ஏதும் நடக்கவில்லை. வரைவதற்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது. டோட்டில்பென்னின் பக்கங்களைக் கண்டவர் அக்காலத்தை மிகையென்னார்.

மூர் 16ஆம் இதழுடன் விலகித் தம் பங்கை நீல் கெய்மனுக்கு அளித்தார். கெய்மன், ஓவியர் மார்க் பக்கிங்ஹாமுடன் இணைந்து மூன்று கட்டங்களாக எழுதத் திட்டமிட்டார்: பொற்காலம், வெள்ளிக்காலம், இருண்டகாலம். பொற்காலப் பகுதியில் மிராக்கிள்மேன் ஏறக்குறைய இல்லை. அவன் அமைத்த நல்லுலகில் வாழும் எளிய மனிதரே உள்ளனர். அதில் ஒரு கதையில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் இறந்தபின் பல படிகளாக மீட்கப்பட்டிருக்கிறார். அவர்களுள் ஆறாம் வார்ஹோல் கதை சொல்கிறார். கார்குன்சாவும் ஒரு படியாக அங்கே வருகிறார். நகலெடுத்தலையே கலையாக்கிய ஓவியரின் நகல், நகலெடுத்து நாயகனைப் படைத்த அறிவியலாரின் நகலோடு உரையாடுவது, மூர் தொடங்கிவைத்த சிந்தனையின் மிக நுண்மையான தொடர்ச்சி. கெய்மனின் பிற கதைகளைவிட இது மேலானது என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

வெள்ளிக்காலத்தின் இரண்டு இதழ்களே வந்தன. 24ஆம் இதழ் 1993 ஆகஸ்டில் வந்தது. அடுத்ததற்கான பணி நடந்துகொண்டிருக்கையில் எக்லிப்ஸ் நின்றது, பின்னர்த் திவாலானது.

நீதிபதி செய்த திறனாய்வு

1996இல் எக்லிப்ஸின் உடைமைகளை டாட் மெக்ஃபார்லேன் வாங்கினார். மிராக்கிள்மேன் உரிமையும் அதில் அடங்கும் என்பது அவர் நிலைப்பாடு. கெய்மனுக்கும் அவருக்கும் ஏற்கெனவே வேறொரு கணக்கு இருந்தது. 1993இல் மெக்ஃபார்லேனின் ஸ்பான் 9ஆம் இதழைக் கெய்மன் எழுதியபோது ஏஞ்சலா, இடைக்கால ஸ்பான், காக்லியோஸ்ட்ரோ ஆகிய மூன்று பாத்திரங்கள் அறிமுகமாயின. அவற்றின் பங்கை விட்டுக்கொடுத்து மிராக்கிள்மேன் உரிமையைப் பெறுவது என 1997இல் பேசப்பட்ட ஏற்பாட்டை மெக்ஃபார்லேன் பின்னர் மறுத்தார். கெய்மன் 2002இல் விஸ்கான்சின் மாநிலக் கூட்டரசு நீதிமன்றத்தை அணுகி வென்றார். 2004இல் மேல்முறையீட்டிலும் வென்றார்.

மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதிய ரிச்சர்ட் போஸ்னர் எழுப்பிய வினா சித்திரக்கதைக் கோட்பாட்டுக்கு நேராக உரியது. எழுத்தாளர் ஒரு பாத்திரத்தைச் சில சொற்களில் கூறுகிறார். அது மட்டும் பதிப்புரிமை பெறும் அளவு தனித்தன்மை உடையதாக இராது. குடித்துத் திரியும் முதியவன் என்பது எவர்க்கும் பொதுவான வார்ப்பு. ஓவியர் அதற்கு உருவம் தருகிறார். பெயரும், பேச்சும், தோற்றமும் கூடியபின் அது காக்லியோஸ்ட்ரோ ஆகிறது. தனித்தனியே உரிமை பெறத் தகாத பங்களிப்புகளும் கூடும்போது உரிமைக்குரிய ஒரு பாத்திரத்தை ஆக்கலாம்; அப்போது இருவரும் ஆசிரியரே என்றார் போஸ்னர். மெக்ஃபார்லேன் தம் பெயரில் பதிப்புரிமைக் குறிப்பை அச்சிட்டிருந்ததும், பதிவு செய்துகொண்டதும் மட்டுமே மற்றவரின் ஆசிரியத்தன்மையை மறுத்த அறிவிப்பு ஆகிவிடா என்பதும் அத்தீர்ப்பின் பகுதி.

சித்திரக்கதைத் திறனாய்வு இன்றும் 'மூரின் வாட்ச்மென்', 'கெய்மனின் சாண்ட்மேன்' என்றே எழுதிவருகிறது. நாவல் திறனாய்விலிருந்து கடன்பெற்ற ஒற்றை ஆசிரியர் கருத்து அது. ஒரு பொருளியல் சார்ந்த நீதிபதி, பாத்திரம் என்பது சொல்லுக்கும் கோட்டுக்கும் இடையே பிறப்பது என்பதை இலக்கிய ஆய்வாளர் பலரைவிடத் தெளிவாகக் கண்டார் என்பது நமக்குச் சற்றே நாணம் தரவேண்டிய செய்தி. இக்கட்டுரையிலும் 'மூர் செய்தார்' என்றே பல இடங்களில் எழுத நேர்ந்தது. பழக்கம் எளிதில் விடுவதில்லை. லீச்சின் நுண்கோடுகள் இன்றேல் மைக் மோரனின் தளர்ந்த முகம் இல்லை. டோட்டில்பென் இன்றேல் அழிந்த இலண்டன் ஒரு வாக்கியமாக நின்றிருக்கும்.

அத்தீர்ப்பு மிராக்கிள்மேன் உரிமை எவருக்கு என்பதைத் தீர்க்கவில்லை. விடை வேறு திசையிலிருந்து வந்தது. 2009 ஜூலையில், மார்வெல் நிறுவனம் மார்வெல்மேன் உரிமையை மிக் ஆங்லோவிடமிருந்தே வாங்கியதாக அறிவித்தது. 1984இல் அப்பெயரை எதிர்த்த நிறுவனமே இருபத்தைந்து ஆண்டுகளில் அதன் உரிமையாளர் ஆயிற்று. ஆங்லோவே உரிமையாளர் எனில், வாரியர் குழுவினர் பங்கிட்டதும், எக்லிப்ஸ் வாங்கியதும், மெக்ஃபார்லேன் கைப்பற்றியதாகக் கருதியதும் எதனை? மூலப் பாத்திரத்தின் உரிமையும், அதன்மேல் எழுந்த புதிய பக்கங்களின் உரிமையும் வெவ்வேறு என்பதே சட்டப்படியான விடை. ஆயினும் கால் நூற்றாண்டுக் காலப் பூசலில் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. ஆங்லோ 2011இல் மறைந்தார்.

பெயரற்ற ஆசிரியர்

2014 சனவரியில் மார்வெல் மறுபதிப்பைத் தொடங்கியபோது மூர் தம் பெயரைப் பயன்படுத்த இசையவில்லை. எனவே அவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'மூல எழுத்தாளர்' என்று அச்சிடப்பட்டது. பெயர் அச்சிடாத பிரித்தானிய வார இதழ்களின் மரபிலிருந்து தோன்றிய நாயகன், எழுத்தாளர் தாமாகவே பெயரை விலக்கிக்கொண்ட பதிப்பில் வந்து சேர்ந்தான். முன்னது உரிமை மறுப்பு, பின்னது எதிர்ப்பு. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆசிரியரின் இறப்பு பற்றிய கோட்பாட்டை இங்குப் பொருத்திக்காட்ட எவரும் விரும்பக்கூடும், அது பொருந்தாது. இங்கு ஆசிரியர் இறக்கவில்லை, வெளிநடப்புச் செய்தார். 'மூல' என்னும் அடையும் வேடிக்கையானது. பிறர் கதையை எடுத்து எழுதியவர் இப்பதிப்பில் மூல எழுத்தாளர் ஆகிறார். மூலத்தைத் தந்த ஆங்லோவும் ஃபாசெட்டிடமிருந்து எடுத்தவரே.

வெள்ளிக்காலம் 2022 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அதன் நாயகன் டிக்கி டான்ட்லெஸ் என்னும் இளைய மிராக்கிள்மேன். 1963இல் இறந்தவன்; பல ஆண்டுகளுக்குப் பின்னர் அயல்கோளினரின் தொழில்நுட்பத்தால் உயிர்ப்பிக்கப்படுகிறான். அவன் அறிந்த உலகம் இல்லை. அவன் நினைவுகள் பொய் என்கின்றனர். தோழன் கடவுளாக அமர்ந்திருக்கிறான். அவ்வுலகில் பொருந்தமுடியாமல் ஒலிம்பஸைவிட்டு அவன் வெளியேறும் இடத்தில் 1993இல் கதை அறுந்தது. விழித்தெழுந்தவனின் கதையே இருபத்தொன்பது ஆண்டுகள் உறங்கிற்று. 1982இல் மூர் அச்சின் இடைவெளியைக் கதைக்குள் கொண்டுவந்தார். கெய்மன், பக்கிங்ஹாம் கதையிலோ உள்ளிருந்த இடைவெளி வெளியே பரவியது. 1993இல் இளைஞராக அச்சிறுவனின் திகைப்பை எழுதியோர் அறுபதை நெருங்கியபோது அதனைத் தொடர்ந்தனர். புதிய இதழ்களில் அச்சிறுவனின் இழப்புணர்வு மென்மையாகவும், கிழமை சார்ந்த பரிவோடும் ஒலிப்பதாகவும், பழைய பக்கங்களின் கூர்மை மங்கியிருப்பதாகவும் தோன்றுகிறது.

ஒப்பிட்டு உறுதிசெய்வது எளிதன்று. 1992, 1993ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு இதழ்களையும் பக்கிங்ஹாம் புதிதாக வரைந்தும் திருத்தியும் அமைத்தார். ஒரே காட்சிக்கு ஒரே ஓவியரின் இரு பாடங்கள், முப்பதாண்டு இடைவெளியில், இன்று உள்ளன. முதல் நூலுக்கோ வாரியரின் கறுப்பு வெள்ளைப் பாடம், எக்லிப்ஸின் வண்ணப் பாடம், மார்வெலின் மறுவண்ணப் பாடம் என மூன்று உள்ளன. முதலாவதில் நாயகனின் பெயரே வேறு. இப்பனுவலை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் பலவும் தொகுப்பு நூலின் பக்க எண்ணை மட்டும் தந்து அமைகின்றன. எந்த ஆண்டின் எந்தப் பதிப்பு என்பதோடு, அப்பதிப்பில் சிறுவன் பேட்ஸ் எந்தப் பெயரை உச்சரிக்கிறான் என்பதையும் குறிக்க வேண்டியுள்ளது. இருண்டகாலத்தின் எந்தப் பக்கமும் இன்னும் அச்சேறவில்லை.